தேன் என்று சொன்ன பாட்டில்

காரிமங்கலம் தாண்டி, சாலையோரம் மக்காச்சோளம் காயும் இடத்தில் காரை நிறுத்துகிறோம். பசியில் அழும் மகனுக்குப் பால்மாவு எடுக்கப் பையைத் திறக்கிறேன். அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விஸ்கி பாட்டில் சோளத்தின்மேல் உருள்கிறது. அங்கே சோளம் கிளறிக்கொண்டிருந்த ஊர்க்கார அக்கா எடுத்துத் தருகிறார்.

"என்னங்கம்மா இது, இந்த நெறத்துல?"

"தேன்," என்று சொல்லிவிடுகிறேன்.

"எம் பாப்பாவுக்கு மூணு நாளா இருமலுங்க. ஒரு ஸ்பூன் ஊத்துங்களேன்." தண்ணீர்க் குடத்தின் மேலிருந்த டம்ளரை எடுத்து நீட்டுகிறார்.

முகம் எரிகிறது. "பொய் சொல்லிட்டேன்க்கா. இது விஸ்கி." நிறுத்த முடியாமல் பேசுகிறேன். "இதே சோளத்தைப் புளிக்கவெச்சுக் காய்ச்சி, உள்பக்கம் கருக்கின மரப்பீப்பாயில வருசக்கணக்கா வெப்பாங்க. நெறம் அந்த மரத்துல இருந்து வருது."

"நல்லவேள, ஊத்தாம வுட்டீங்க," என்கிறார்.

அதே டம்ளரில் என் மகனுக்குப் பால் கலக்க வெந்நீர் கொண்டுவருகிறார். நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.