தூங்குமூஞ்சி மரத்தின் சுற்றளவு

தையல்காரி மரத்தைக் கும்பிடுகிறாளாம். சபை முழுக்க இதுதான் பேச்சாம். சொன்னவள் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னவள் பாடகர் குழுவில் இருக்கும் ஒருத்தி. அந்த ஒருத்திக்கு யார் சொன்னார்கள் என்பதை மட்டும் நாத்தனார் விழுங்கிவிட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு, நெத்திய மரத்துல வெச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களாமே அண்ணி. கண்ணால பார்த்தாங்களாம்."

தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். பள்ளிச் சட்டையின் காலர் ஊசிக்கடியில் பாதியில் நின்றது.

"அளவெடுத்தேன்டி."

"மரத்துக்கா?"

"ஆமா, சட்டை தைச்சுப் போடப்போறேன்."

கேலியாகச் சொன்னாலும் அளவெடுத்தது உண்மை. சபை வளாகத்தில் நிற்பது ஒரு தூங்குமூஞ்சி மரம். பிரசங்க நேரத்தில் உள்ளே பாதிப்பேர் தூங்குமூஞ்சி, வெளியே இது ஒன்று என்று அவளே சிரித்திருக்கிறாள். அதன் அடிமரத்துக்கு ஒரு டேப் போதாது. இரண்டை முனையோடு முனை சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். ஒற்றை ஆளாகச் சுற்றிப் பிடிப்பதற்குள் டேப் வழுக்கிக் கீழே விழும். அதனால் நடுப்பகுதியை நெற்றியால் மரத்தோடு அழுத்திக்கொள்வாள். பட்டைத் தூசி விழாமல் கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் இரண்டு கையையும் எட்டவிட்டு, அந்தப் பக்கம் வீசிய முனையைத் துழாவிப் பிடிப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

அவள்தான் சபையின் சுற்றுச்சூழல் குழு. குழு என்றால் அவள் ஒருத்திதான். ஆரம்பத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் வீடு மாறினார், ஒருவருக்கு முழங்கால் வலி, மற்ற இருவருக்கும் காரணம் சொல்லக்கூட நேரமில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழையில் கடைக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். தைத்து அடுக்கிய நாற்பது சீருடையும் நாசம். அடைப்பு எங்கே என்று அவள் புருஷன் கம்பி விட்டுக் குடைந்தபோது, கொத்துக் கொத்தாகக் காகிதக் கப் வந்தது. ஒவ்வொன்றிலும் சபையின் பெயர், ஆண்டுவிழா வாழ்த்தோடு, அழியாமல் இருந்தது. ஒன்றைக் கழுவி எடுத்துப்போய்ப் பாஸ்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"இது நம்ம சபையோடதுன்னு நினைக்கிறேன் பாஸ்டர்."

குழு அன்று பிறந்தது. அவள் பேச எழுந்த நாளெல்லாம் ஆமென் மட்டும் கூரையைத் தொட்டது. பிளாஸ்டிக் பேனருக்குப் பதிலாக மிச்சத் துணியில் எழுத்து வெட்டித் தைத்துக் கொடுத்தாள். போட்டோவில் பளிச்சென்று தெரியவில்லை என்றார்கள். எவர்சில்வர் டம்ளர் வாங்க வைத்தாள். கழுவும் முறைப் பட்டியலில் இருபது பெயர், தொட்டியருகில் நின்றது ஒரு பெயர். அக்கம்பக்கத்துச் சபைகள் இரண்டுக்கும் போய்ப் பேசினாள். அங்கே ஒரு பெரியவர், "ஆத்துமா நரகத்துக்குப் போயிட்டிருக்கு, நீங்க கப்பைப் பத்திப் பேசுறீங்களேம்மா" என்றார். "ஆதாமுக்கு ஆண்டவர் கொடுத்த முதல் வேலையே தோட்ட வேலைதானேய்யா" என்றாள். அதற்கும் ஒரு ஆமென் கிடைத்தது. ஆமென் சொல்ல வாய் இருக்கிறது, கப்பைப் பொறுக்கத்தான் யாருக்கும் கை இல்லை.

ஆறு வருஷத்தில் அவள் கண்ட பலன் ஒன்றே ஒன்று. அந்த மரத்தின் கழுத்தை நெரித்தமாதிரி போட்டிருந்த சிமெண்ட் தளத்தை, சண்டை போட்டு உடைக்க வைத்தது. அதற்கப்புறம்தான் அளவு. வாடிக்கையாளர் அளவு நோட்டில் மரத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. தோள், கை எல்லாம் காலி. இடுப்பு மட்டும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழரை, தொண்ணூற்றெட்டே கால். மண்ணை மூச்சு விட விட்டால் என்ன ஆகும் என்று சபைக்கு ஒருநாள் காட்டலாம் என்றிருந்தாள்.

"நீங்க மரத்தைக் கும்பிடுறது மத்தவங்க விசுவாசத்துக்கு இடறலா இருக்காம் அண்ணி" என்றாள் நாத்தனார். "நேத்து ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடிச்சாம். வெட்டிடலாம்னு முடிவாம்."

"எப்போ?"

"இன்னிக்கு. ஆள் வந்தாச்சு. வர்ற வழியில பார்த்தேனே, ஏணி சாத்தியிருக்கு."

"அடிப்பாவி! இதை முதல்ல சொல்லக்கூடாதா?"

"எதையும் வரிசையாத்தானே அண்ணி சொல்லணும்."

நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கழுத்தில் டேப் அப்படியே தொங்கியது.

வளாகத்தில் சபைச் செயலாளர் நின்றிருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலுக்கு ஒதுங்கி அந்த மரத்தின் நிழலிலேயே நின்றுகொண்டுதான் மரம் வெட்டுகிறவரிடம் எந்தக் கிளை முதலில் என்று கை காட்டிக்கொண்டிருந்தார். தரையில் சுண்ணாம்பால் ஆறு கட்டம் போட்டிருந்தது. கார் நிறுத்த.

"சகோதரி, என் முடிவு இல்ல இது. விசுவாசிகளுக்கு இடறல்."

"இடறல் மரமா சார், உங்க கார்மேல விழுற எச்சமா?"

"மரத்தைக் கட்டிப் பிடிச்சு ஜெபம் பண்றீங்கன்னு எத்தனை பேர் வந்து சொல்றாங்க தெரியுமா?"

"அளவெடுத்தேன்! இதோ பாருங்க, தேதியோட இருக்கு."

நோட்டை நீட்டினாள். திறந்த பக்கத்தில் முதலில் கண்ணில் பட்டது பாஸ்டரின் கால்சட்டை அளவு. அவசரத்தில் பக்கம் புரளமாட்டேன் என்றது. செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு யாராவது ஒருத்தர் முடிவா சொல்லுங்க" என்றார் மரம் வெட்டுகிறவர். "அறுக்கிற மெஷினுக்கு பெட்ரோல் ஊத்திட்டேன்."

"பாஸ்டர் வேண்டாம்னு சொன்னா?"

"போயிட்டே இருப்பேன்மா. எனக்கென்ன, மரத்துமேல கோபமா?"

அவள் போன் செய்தாள். பாஸ்டரின் வீடு வளாகத்தின் மறுகோடியில், முப்பது அடி தூரம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் அவர் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. இவள் காதில் மணி அடிக்க, அந்த வீட்டுக்குள்ளும் மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. எதைக் கேட்டாலும் 'ஜெபித்து முடிவெடுப்போம்' என்கிற மனுஷர். இப்போதும் ஜெபிக்கிறாரோ என்னவோ.

செயலாளர், வெட்டுங்கள் என்று தலையசைத்தார். மெஷின் ஒரு இழுப்பில் உறுமியது.

ஆலயத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தோடு ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது, அடுத்து தான் செய்யப்போவது அவர்கள் கண்ணுக்கு எப்படிப் படும் என்று. தெரிந்தே போனாள். நோட்டைக் கீழே போட்டாள். இடது கையால் மரத்தை வளைத்தாள், பாதிதான் எட்டியது. வலது கையால் திரும்பவும் பாஸ்டரின் எண்ணை அழுத்தினாள்.

"நல்லா பார்த்துக்குங்க!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "இப்பத்தான் நிஜமா கட்டிப் பிடிச்சிருக்கேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க!"

மரம் வெட்டுகிறவர் மெஷினை அணைத்துவிட்டு, செயலாளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அமைதியில், சாத்திய கதவுக்குப் பின்னால் போன் அடிப்பது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.