அழகரின் ஆயிரம் நாள் ஓட்டம்

அழகர்சாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் போட்ட பாதை தெரிந்திருக்கும். தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைப் பிடித்து, காலாங் ஆற்றங்கரை வழியே தஞ்சோங் ரூ போய், மரினா அணைக்கட்டில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஓட்டம் இருக்கிறதே, அதை ஃபேஸ்புக்கில் எழுதி ஊருக்கே பழக்கிவிட்டவர் அவர்தான். எந்த வளைவில் காற்று வரும், எந்தப் பாலத்தடியில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, எத்தனை மணி வெயிலில் ஆற்றைப் படம் பிடிக்கலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. படத்தில் ஆறு இருக்கும், மரம் இருக்கும், அவருடைய ஆரஞ்சு நிற ஷூ இருக்கும். முகம் மட்டும் இருக்காது. அதுதான் ஐயாவின் ஸ்டைலாம். "மதுரையில அழகர் ஆத்துல இறங்குறாரு, நம்ம அழகர் ஆத்தோரமா ஓடுறாரு" என்று ஓட்டக் குழுவை நடத்தும் அன்வர் ஒருநாள் எழுதிவைக்க, ஆற்றோர அழகர் என்ற பேரே நிலைத்துவிட்டது.

அவர் மனைவி நிரஞ்சனாவை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? செங்காங்கில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து பேர் பதிகிறவள். நாற்பத்தெட்டு வயது, பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் அவளும் ஆசைப்பட்டு ஒரு ஷூ வாங்கிக்கொண்டு கணவனோடு கிளம்பினாள். முதல் பாலத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பூசணிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு. நீ வீட்டுலயே இரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று திரும்பி நடந்தவள் அதற்கப்புறம் இருபது வருஷம் ஓடவில்லை.

அழகர் ஒரு சபதம் வைத்திருந்தார். தினம் குறைந்தது ஐந்து கிலோமீட்டர், ஒருநாள்கூட விடாமல், ஆயிரம் நாள். கையில் கட்டிய வாட்ச் ஓட்டத்தைக் கணக்கெடுத்து ஃபோனுக்கு அனுப்பும், ஃபோன் ஊருக்கு அனுப்பும். எண்ணூற்றுப் பன்னிரண்டாம் நாள் ஓடி முடித்துக் குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. வாயும் மூளையும் தப்பித்தன. நல்லதுதானே என்று நினைத்தாள் நிரஞ்சனா. பாவம், வரப்போவது அவளுக்கு அப்போது என்ன தெரியும்?

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் அழுதார். கால் போச்சே என்று அழவில்லை. "எண்ணூத்திப் பன்னண்டு நாள் போயிடும், நிரா. இந்த வாட்சைக் கட்டிட்டு நீ ஒரு அஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வந்துடு. இன்னைக்கு மட்டும்." கட்டின புருஷன் கண்ணீர் விட்டால் மறுக்க எந்த மனசுக்கு வரும்? ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி நடந்து ஐந்து கிலோமீட்டரை முடித்தாள். அவர் ஃபோனை வாங்கி, "கால் கொஞ்சம் வலி, இன்று மெதுநடை" என்று ஒற்றைக் கையால் தட்டி ஊருக்குப் போட்டார்.

இன்னைக்கு மட்டும் என்றது நூற்று எண்பத்தெட்டு நாள் நீண்டது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அதே ஆரஞ்சு நிறத்தில் ஷூ வாங்க வைத்தார். காலை ஐந்தரைக்கு அவள் இறங்குவாள். ஓடிவிட்டு வந்ததும் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கணக்குக் கேட்பார். "தஞ்சோங் ரூவுல மூணு நிமிஷம் நின்னிருக்கே. எதுக்கு? யார்கூடப் பேசினே?" சிவராத்திரிக்குக் கேலாங் சிவன் கோயிலில் கண் விழித்துவிட்டு வந்தாலும் ஓட வேண்டும். காய்ச்சல் என்றாலும் ஓட வேண்டும். தொள்ளாயிரத்து ஓராம் நாள் அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்தார். மண்டாய் மயானத்தில் எரித்துவிட்டு வந்து தலைக்கு ஊற்றிய தண்ணீர் காயவில்லை, இந்த மனிதர் வாட்சை நீட்டுகிறார். "அம்மா போனதுக்கு நீ நூறு நாள் அழலாம். இது இன்னைக்கு விட்டா போச்சு." ஈரத் தலையோடு, வழி தெரியாமல் கண்ணீர் மறைக்க, கால்வாய்க் கரையில் ஓடினாள். அன்றைக்கு அவர் போட்ட படத்துக்குக் கீழே, "அண்ணே, இன்னைக்கு ஆறு செம அழகு" என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவளுக்கு ஓட வந்துவிட்டது. மூன்றாவது மாதம் நடை ஓட்டமானது. ஐந்தாவது மாதம் ஒருநாள் அணைக்கட்டிலிருந்து திரும்பும்போது கால் தானாகப் போனது, மூச்சு வாங்கவே இல்லை. ஐந்து கிலோமீட்டர் இருபத்தேழு நிமிஷம். அழகர் நல்லா இருந்த காலத்திலேயே முப்பத்தொன்றுக்குக் கீழே வந்ததில்லை. சந்தோஷத்தில் ஷூவைக்கூடக் கழற்றாமல் அவரிடம் வாட்சைக் காட்டினாள். அவர் முகம் சுருங்கிப்போனது. "அறிவிருக்கா உனக்கு? இப்படி ஓடினா சந்தேகம் வரும் லா. முப்பத்திரண்டு, முப்பத்துமூணுல ஓடு." அந்த ஓட்டத்தை அழித்துவிட்டு, வேலைக்கு நேரமானாலும் பரவாயில்லை என்று அவளை மறுபடி கீழே அனுப்பினார். அன்று முதல் அவள் பிரேக் போட்டுக்கொண்டே ஓடினாள்.

அன்றைக்குத்தான் அவளும் வாய் திறந்து ஒன்று கேட்டாள். "ஆயிரம் முடிஞ்சதும் இது நான் ஓடினதுன்னு சொல்லிடுங்க. என் பேரைப் போட்டு, என் போட்டோவைப் போட்டு. அது போதும் எனக்கு."

"சத்தியமா" என்றார் அழகர். நல்ல கையை அவள் தலைமேல் வைத்தே சொன்னார்.

குழுவிலிருந்து யாரும் வந்து பார்த்துவிடாமல் இருக்க, "தனி ஓட்டமே தியானம், இனி நான் குழுவோடு வருவதில்லை" என்று எழுதிவைத்திருந்தார். அன்வர் ஃபோன் பண்ணினால் வேலையில் பிஸி என்பார். தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே ஒன்பதாவது மாடி வீட்டை விட்டு, டாக்டரிடம் போவதைத் தவிர, ஆறு மாதம் அவர் வெளியே வரவில்லை.

ஆயிரமாம் நாள் ஒரு சனிக்கிழமை. மஞ்சள் டீ ஷர்ட் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினாள். அணைக்கட்டின் மேல் ஒரு சீனத்து அம்மாவைக் கூப்பிட்டு ஃபோனைக் கொடுத்தாள். பின்னால் கடல், கப்பல்கள், முன்னால் வேர்த்து விறுவிறுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற நிரஞ்சனா. இப்படிச் சிரிக்கிற தன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அங்கேயே நின்று அவருக்கு அனுப்பினாள்.

கிளினிக்கில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஃபேஸ்புக்கைத் திறந்தாள். அவளுடைய படம்தான். கடல் இருந்தது, கப்பல்கள் இருந்தன. அவள் இருந்த பாதியை வெட்டியிருந்தார். கீழே எழுதியிருந்தார்: "ஆயிரம் நாள் முடித்தேன். என் மனைவி நிரஞ்சனாவுக்கு நன்றி. பஸ் ஸ்டாப் வரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும். நான் ஏன் ஓடுகிறேன் என்று இன்றுவரை புரிந்ததில்லை. ஆனாலும் நான் ஓடிவிட்டு வரும்போது தோசை சூடாக இருக்கும்." ஐந்நூறு பேர் லைக் போட்டிருந்தார்கள். "அண்ணிக்கு ஒரு சலாம்" என்று எழுதியிருந்தார் அன்வர்.

சாப்பாட்டை மூடி வைத்தாள். அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னாள், பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் ஃபோனிலிருந்து அன்வருக்கு எழுதினாள்: "நாளைக்குக் காலைல ஏழரைக்கு அழகர் காலாங் ஆத்தங்கரைப் பூங்காவுல இருப்பார். பொங்கோல்ல வச்சிருக்கிற குழு ஓட்டத்தை விட்டுட்டு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. குரூப்ல போடாதீங்க, அவருக்கு சர்ப்ரைஸ்." அன்வரிடமிருந்து பத்துக் கட்டைவிரல் வந்தது.

ஞாயிறு காலை அவருக்கு முகம் மழித்து, குழுவின் நீல பனியனைப் போட்டுவிட்டாள். "ஆத்துப் பக்கம் காத்து வாங்கலாம் வாங்க. உங்க கும்பல்தான் பொங்கோல் போகுதே." குழுவில் பொங்கோல் என்றுதான் போட்டிருந்தது. அவரும் ஃபோனில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு சரி என்றார்.

கால்வாய்க் கரையோரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆற்றைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. நீர்நாய் ஒன்று கரையேறி உடம்பை உதறியதைக் குழந்தை மாதிரிப் பார்த்தார். "நிரா, இது போதும்டி எனக்கு" என்றார். திரும்பிப் போய்விடலாம், இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, அன்வருக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் பாதி திருப்பியும்விட்டாள்.

"இரு இரு, திருப்பாதே" என்றார் அழகர். "இந்த வளைவுல உன் ஷூ தெரியுற மாதிரி ஒண்ணு எடு. ஆயிரத்தி ஒண்ணுன்னு போட்டுடறேன்."

நாற்காலியைப் பழையபடி திருப்பி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டாள்.

முப்பது பேர் வந்தார்கள். முன்னால் அன்வர், கையில் '1000' என்று எழுதிய துணி. தூரத்திலிருந்தே, "அண்ணே!" என்று கத்திக்கொண்டு வந்தவர், பத்தடியில் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அழகர் நல்ல கையால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். "தள்ளுடி. ஏய், தள்ளிட்டுப் போடி."

"ஆறு மாசமா இவர் இப்படித்தான் இருக்கார், அன்வர். கொஞ்சம் பாத்துக்குங்க, நான் ஓடிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, வாட்சை அழுத்திவிட்டு நிரஞ்சனா ஓடினாள்.

முப்பத்துமூன்றில் அல்ல, தன் வேகத்தில். தஞ்சோங் ரூ, பாலம், அணைக்கட்டு, மறுபடி அதே வழி. இந்நேரம் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கால் பறந்தது. பத்துக் கிலோமீட்டரை ஐம்பத்தாறு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வந்தாள்.

கைத்தட்டல் கேட்டது. நடுவில் அழகர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், '1000' துணி அவர் தோளில் கிடந்தது. யாரோ வீடியோ எடுக்க, அவர் பேசிக்கொண்டிருந்தார். "டாக்டர் முடியாதுன்னுட்டாரு. நான் விடலை. என் கால் போச்சு, அவ காலை எடுத்துக்கிட்டேன். பூசணிக்கா மாதிரி இருந்தவளை, நாற்காலியில உட்கார்ந்தபடியே கோச் பண்ணி ஓட வச்சேன்." இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்வர் ஓடி வந்து அவளிடம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். "அண்ணி, இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும் லா."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எதையோ பார்த்து அலுத்துப்போனவள் மாதிரி அவர் முன்னால் போய்க் குனிந்தாள். வேர்வையில் நனைந்த வாட்சைக் கழற்றி, மடியில் கிடந்த அவருடைய இடது மணிக்கட்டில் வைத்துப் பட்டையை இறுக்கிக் கட்டினாள். "கோச், ஆயிரத்து ரெண்டாவது நாளை நீங்களே ஓடிடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அழகர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் கெஞ்சினார், மிரட்டினார், செத்துப்போவேன் என்றார். வெறும் கையோடு இறங்கிப் போய், வேண்டிய மட்டும் ஓடிவிட்டு வந்து, தோசை வார்த்துக் கொடுத்து, செங்காங்குக்கு ரயில் ஏறினாள். சாயங்காலம் திரும்பியபோது வாட்ச் அவர் கையிலேயே இருந்தது. அவிழ்க்க ஒரு நல்ல கை இருந்தும் அவிழ்க்கவில்லை. சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ச் கிர்ரென்று அதிர்ந்தது. உணர்ச்சியில்லாத கை, அவருக்குத் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டு, "என்ன போட்டிருக்கு, யாராவது மெசேஜா?" என்றார்.

அவள் குனிந்து படித்தாள்.

"ரொம்ப நேரமா உட்கார்ந்தே இருக்கீங்களாம். எழுந்து கொஞ்சம் நடங்கன்னு சொல்லுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை ஊட்டினாள்.