தேதித்தாளின் முதுகில் இத்தாலி

என் மேசைமேல் ஒரு கம்பி இருக்கிறது. கடைகளில் ரசீது குத்தி வைப்பார்களே, மரக்கட்டையில் நட்ட அந்த மாதிரிக் கம்பிதான். அதில் ரசீதுக்குப் பதிலாக, தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தேதித்தாள்கள் ஒரு சாண் உயரத்துக்குக் குத்தியிருக்கின்றன. முன்பக்கத்தில் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கத்தில் உருண்டையான கையெழுத்தில், தமிழ் எழுத்தில் எழுதிய ஒரே ஒரு இத்தாலிய வாக்கியம். நடுவில் ஓரிடத்தில் இருபத்து மூன்று தாள்களின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளும், செங்கம் ரோட்டில் விடுதி வைத்திருப்பவர்களும் என்னிடம் மொழி படிக்க வருகிறார்கள். எத்தனை நாளில் பேசலாம் என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு இந்தக் கம்பியைக் காட்டுவேன். ஒரு மொழியைச் சீக்கிரம் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் அண்ணியுடையது.

அண்ணி அடி அண்ணாமலைக்காரர். வேர்க்கடலையும் நெல்லும் போடும் குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். தொண்ணூறுகளின் நடுவில், பஸ் கண்டக்டராக இருந்த என் அண்ணன், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமப் பக்கத்தில் ஒரு எஸ்டிடி பூத் எடுத்து அண்ணியை அதில் உட்கார வைத்தார். ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு போன், வெளியே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், அண்ணிக்கு ஒரு மேசை. தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நான் மதியத்தில் போய் அண்ணியோடு உட்காருவேன். அந்த நாளில் வெளிநாட்டுக்குப் போன் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்தாலும் சொன்னது பாதி கரையும், மீதி எதிரொலிக்கும். ஆகவே உள்ளே போகிறவர்கள் எல்லாரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார்கள். கண்ணாடிக் கதவு பேருக்குத்தான் இருந்தது.

பின்தெருவில் அப்போது இத்தாலிக்காரர்கள் நிறையப் பேர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வரிசையாக வந்து வீட்டுக்குப் பேசுவார்கள். பேசி முடித்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அண்ணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. “அழுதுகினே வராங்க. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாம மீட்டரப் பாத்துகினு உக்காந்திருக்கேன். நல்லாவா இருக்குது?” என்றார். வேலைக்காகவோ பெருமைக்காகவோ அவர் மொழி கற்கவில்லை. எதிரில் இருப்பவரிடம் கேட்க அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த பிறகு, அதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

முதல் சில வாரங்கள் அவர் வாயே திறக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள், “எல்லா வூட்டுலயும் ஒரே பேச்சுதாம்மா” என்றார். எடுத்ததும் ப்ரோந்தோ, அதாவது ஹலோ, அப்புறம் மம்மா, நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வெயில் ஜாஸ்தி, கவலைப்படாதே, எப்போது வருவேன், கடைசியில் முத்தம். இந்த வரிசை பிடிபட்டதும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. அதன்பின் தினம் ஒருவரை நிறுத்தி, அவர் போனில் சொன்ன ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்வார். கையாட்டியும் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வைத்தும் பொருள் கேட்பார். காலையில் கிழித்த தேதித்தாளைத் திருப்பி அந்த வாக்கியத்தை முழுசாக எழுதுவார். தனிச்சொல் எழுதவே மாட்டார். சாயங்காலத்துக்குள் அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட விதி. அன்றைக்கு இத்தாலிக்காரர் பத்துப் பேர் அகப்படாவிட்டால் பூக்காரம்மாவிடம் சொல்வார், பால்காரரிடம் சொல்வார், போஸ்டரைத் தின்ன வந்த ஆட்டிடம்கூடச் சொல்லியிருக்கிறார். பத்து ஆனதும் தாள் கம்பிக்குப் போகும்.

முதல் தாளில் இருப்பது வணக்கம் இல்லை, நன்றியும் இல்லை. ‘மெதுவாக, இன்னொரு தடவை சொல்லுங்க.’ அதைத்தான் அவர் முதலில் கற்றார். “நமக்குத் தெரியலன்னு சொல்லத் தெரிஞ்சிட்டா அப்பறம் இன்னா பயம்?” என்பார்.

நானும் அதே சமயத்தில் இத்தாலி கற்கத் தொடங்கினேன். ஊருக்குத் திரும்பிய ஒருவர் விட்டுப்போன தடித்த இலக்கணப் புத்தகம் கிடைத்தது. வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்தேன். மூன்று மாதத்தில் புத்தகத்தை முடித்தேன், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பத்துக்கு எட்டு தப்போடு அண்ணி நாள் முழுக்கப் பேசினார், சிரித்தார், அவர்கள் வீட்டுக் கல்யாணச் சேதியெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று இப்போது சொல்ல முடிகிறது.

அண்ணியின் இத்தாலியில் இரண்டு பெரிய கோளாறுகள் இருந்தன. போனில் கத்துகிறவர்களிடம் கற்றதால், அந்த மொழியையே கத்தித்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தார். தமிழில் மெல்லப் பேசுகிறவர், இத்தாலிக்கு மாறியதும் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிறவராகிவிடுவார். எல்லாரும் போனை எடுத்ததும் மம்மா என்றதால், அந்த ஊரில் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள் போல என்று, தாடி வைத்த ஆண்களையும் மம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் யாரும் திருத்தவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

நான் திருத்தினேன். ஒரு ஞாயிறு சாயங்காலம், ஐந்தாறு பேர் காத்திருக்கும்போது, பின்தெரு மாடி அறையில் தங்கியிருந்த ஒரு பெண்ணோடு அண்ணி உற்சாகமாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தன் கழுத்தைப் பிடித்து எதையோ நடித்துக் காட்ட, அண்ணி அதைத் தேதித்தாளில் எழுதிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணி, கத்தாதீங்க. வினைச்சொல்லு ஒண்ணுகூட சரியில்ல. நீங்க பேசறது இத்தாலி இல்ல, டெலிபோன்” என்றேன். அதோடு விடாமல், காத்திருந்தவர்களுக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். மறுநாள் தேதி கிழித்தார், கம்பியில் குத்தினார், பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. அதன்பிறகு யார் வந்தாலும் போன் எண்ணை வாங்கிப் போட்டுக் கொடுப்பார், மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் பேசவில்லை என்று நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்று நாட்கள் அப்படிப் போயின. இருபத்து நான்காம் நாள் காலையில் மாடி அறைப் பெண்ணுக்குக் கடும் காய்ச்சல் என்று அந்த வீட்டின் சொந்தக்காரர் ஓடிவந்தார். நாங்கள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். அந்தப் பெண்ணுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. டாக்டர் ஊசி எழுதினார். அப்போது அண்ணி அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “டாக்டர், இந்தப் பொண்ணுக்கு ஏதோ ஒரு மருந்து ஆவாதுங்க. சின்ன வயசுல போட்டு மூச்சே நின்னு போச்சாம். கழுத்தப் புடிச்சிக் காட்டிச்சி.”

“எந்த மருந்து?”

அண்ணி என் பக்கம் திரும்பாமலே, “பேர மறுநா கேட்டு எழுதிக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

அந்த மறுநாளைத்தான் நான் வெறும் தாளாக்கியிருந்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அந்த மருந்தின் பெயர் தெரியாமல் ஊசி போட மாட்டேன், ஆனால் ரொம்ப நேரம் காத்திருக்கவும் முடியாது என்றார் டாக்டர். ஞாயிறுதோறும் அந்தப் பெண் தன் அம்மாவுக்குப் பேசும் எண் பூத்தில் இருந்தது. ஓடினோம். அங்கே அப்போது விடிந்துகொண்டிருக்கும். ஆட்டோவில் வரும்போதே நான் ஒரு காகிதத்தில் இலக்கணப் பிழை இல்லாத ஒரு கேள்வியை எழுதி முடித்திருந்தேன். நாலாவது தடவை லைன் கிடைத்தது. எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மறுமுனையில் அழுகையும் கேள்வியுமாக ஒரு வெள்ளம். அதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. என் புத்தகத்தில் பதில்கள் இவ்வளவு வேகமாக வந்ததில்லை. கேட்கத் தெரிந்த எனக்குப் பதிலைக் காதில் வாங்கத் தெரியவில்லை.

அண்ணி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார். “ப்ரோந்தோ, மம்மா!” என்று பூத் அதிரக் கத்தினார்.

முதல் முறையாக அந்தச் சொல் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் அழுகையை நிறுத்தினார். “பியானோ, மம்மா, பியானோ” என்றார் அண்ணி. மெதுவாக, மெதுவாக. காய்ச்சலுக்கும் மருந்துக்கும் அவரிடம் சொற்கள் இருந்தன. போனில் எத்தனை பேர் அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள். “மகளுக்குக் காய்ச்சல். டாக்டர் இருக்காரு. மருந்து, எது, வேண்டாம்?” இத்தாலியில் அது இவ்வளவுதான் இருந்தது. வினைச்சொல்லே இல்லை. மறுமுனையில் சொன்ன பெயரை மூன்று தடவை சொல்லவைத்து, தானும் மூன்று தடவை திருப்பிக் கத்தி, அன்றைய தேதித்தாளின் பின்னால் எழுதினார். கடைசியில் “கவலப்படாதீங்க மம்மா” என்பதையும் அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். எல்லாருடைய போனும் அப்படித்தானே முடியும்.

நர்ஸிங் ஹோமுக்குத் திரும்பி தாளை நீட்டினோம், டாக்டர் அந்தத் தமிழ் எழுத்தை வாசித்தார். தான் எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து, இரண்டாகக் கிழித்து, வேறொன்று எழுதினார். என்னைப் பார்த்து, “நல்ல வேளை, கேட்டீங்க” என்றார். நான் அண்ணியைக் காட்டினேன்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியபோது அவளுடைய அம்மா வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பூத்துக்கு வந்து, அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அண்ணி விழித்தார். கத்தாத இத்தாலியை அவர் அதிகம் கேட்டதில்லை. அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். பிறகு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, “ப்ரோந்தோ!” என்று கத்தினார். அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “ப்ரோந்தோ, மம்மா!” என்று பதிலுக்குக் கத்தினார். நடுவில் ஒரு கண்ணாடி மட்டும் இருக்க, இரண்டு பேரும் கால்மணி நேரம் கத்திப் பேசினார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “இன்னாங்க, லைன் சரியா கெடைக்கலியா?” என்று கேட்டார். டெலிபோன் என்று நான் கேலி செய்த அதே மொழிதான். அவர்களுக்கு அது போதும்போல இருந்தது. நான் வாசலில் நின்று வெட்கப்பட்டேன்.

அன்று இரவே என் அட்டவணைகளை மூட்டை கட்டினேன். மறுநாள் முதல் எனக்கும் ஒரு தேதித்தாள் என்று ஆனது. அண்ணி கற்ற வழியிலேயே நானும் கற்றேன், ஒரு வருடத்துக்குள் பேசினேன், இன்றைக்கு அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இலக்கணமும் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பேசத் தொடங்கியவருக்கு அது உதவும். பேசாதவருக்கு அது உதவியதாக நான் பார்த்ததில்லை.

செல்போன் வந்தபிறகு பூத்தை எடுத்துவிட்டார்கள். அண்ணி அதே இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டிபன் போடுகிறார், இந்த வருடம் பிரெஞ்சு ஓடுகிறது, அதற்குத் தனிக் கம்பி. இந்தப் பழைய கம்பியை என்னிடம் கொடுத்தபோது, எழுதாத தாளை எதற்குக் குத்தி வைத்தீர்கள் என்று கேட்டேன். “எழுதலன்னா? அன்னிக்கும் நாள் போச்சு இல்ல” என்றார்.

போன வாரம் வகுப்பில், அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஒரு நர்ஸ் எழுந்து நின்று இத்தாலியில் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். குரல் பெரிது, தப்புகளும் ஜாஸ்தி. பக்கத்தில் இருந்த லாட்ஜ் மேனேஜர், நன்றாகப் படிப்பவர், பக்கென்று சிரித்துவிட்டார். அந்த நர்ஸ் பாதியில் உட்கார்ந்தார். நான் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கம்பியை மேனேஜரிடம் நகர்த்தி, ஒவ்வொரு தாளாகத் தூக்கி வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். ஒரு தாளைப் புரட்டினார், அடுத்ததைப் புரட்டினார், இன்னும் ஐந்தாறு புரட்டினார்.

“மேடம், இதுல ஒண்ணுமே எழுதலியே. இதெல்லாம் யார் எழுதினது?”

“மத்தது பூரா எங்க அண்ணி எழுதினது” என்றேன். “இந்த இருபத்து மூணும் நான் எழுதினது.”