கேட்க விரும்பாத சாட்சியம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் புலம்பெயர்ந்து வந்த ஸ்பிரிங்வேலில், ஒரு முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த செனகல் நாட்டுப் பெண் கத்தோலிக்கர். அந்த நாட்டில் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. அவர் வளர்ந்த தெருவில் சிலுவை மாட்டிய வீடு அவர்களுடையது ஒன்றுதான். வாய் சும்மா இராமல் இதை எங்கள் தமிழ்ச் செபக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கூட்டத்தை நடத்தும் அங்கிளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"கூட்டிக்கொண்டு வாரும் பிள்ளை. முஸ்லிம் ஆக்களுக்குள்ள இருந்து பட்ட பாட்டைச் சொல்லட்டும். நீர் தமிழில சொல்லும்."

பக்கத்து ஊரான ரோவிலில் இருந்த அங்கிள் வீட்டுக்கு அந்தப் பெண் பெரிய பாத்திரத்தோடு வந்தார். கம்பு, கச்சான் கடலை, பெருக்கமரப் பழம், சீனி எல்லாம் சேர்த்த கூழ். மன்னாரில் பிறந்த எனக்கு, பேயோபாப் என்கிற பெருக்கமரம் தெரியும். அதன் பழத்தில் கூழ் செய்வார்கள் என்று தெரியாது. பெரிய வெள்ளியில் கிறிஸ்தவர்கள் இதைச் செய்து முஸ்லிம் அயலவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். அங்கிளின் மனைவி அன்ரி முகத்தைச் சுளித்தார். "உபவாச நாளில, இண்டைக்கோ இனிப்பு?" பாத்திரம் மூடியபடியே குசினிக்குப் போனது.

அவர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். கூழுக்காக அயல் வீடுகள் காத்திருக்குமாம். ஹஜ்ஜுப் பெருநாளில் அங்கிருந்து இறைச்சி வருமாம். சண்டையும் வருமாம், குப்பை கொட்டுவதற்காக. அப்பா செத்தபோது புதைகுழி வெட்டியவர்கள் அந்த அயல் வீட்டு ஆண்கள்தானாம். முஸ்லிம் பெண்ணைக் கட்டி மதம் மாறிய அண்ணன்தான் இன்றும் அம்மாவை ஞாயிறு பூசைக்குக் கூட்டிப்போகிறாராம்.

அங்கிளுக்குப் பொறுமை போய்விட்டது. "அவ பயத்தில மறைக்கிறா. செய்த கொடுமையைக் கேளும்."

"அப்பிடி ஒண்டும் இல்லையாம், அங்கிள்."

"இல்லாமல் இருக்காது."

இது எந்த ஊர் நியாயம்? சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிட்டு, அவர் வாழ்ந்த வாழ்க்கை அவரைவிடத் தனக்குத்தான் தெரியும் என்கிறாரே! செனகல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்.

அங்கிள் எழும்பி, அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்துச் செபித்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின்ர குடும்பத்தை முஸ்லிம் ஆக்களின்ர பிடியில இருந்து மீட்டருளும். கெட்டுப்போன தமையனுக்கு நல்ல புத்தியைக் குடும்."

கண்ணை மூடியிருந்த அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முடிந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எதற்காகச் செபித்தார்?" என்று கேட்டார்.

அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நான், "உங்கள் அண்ணனுக்காக" என்றேன். பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அவர் கண் கலங்கி, அங்கிளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணன் மதம் மாறிய பிறகு எந்தக் கோயிலிலும் அவர் பேரைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. இன்றைக்கே போனில் அவருக்குச் சொல்வேன்."

"என்னவாம்?" என்றார் அங்கிள்.

"நன்றியாம், அங்கிள்" என்றேன்.