எட்டாவது ஆள்

ஒரு டீசல் வேனின் ஈஜிஆர் வால்வைக் கழற்றுவதற்கு முன் வேலையை வரிசைப்படி அட்டையில் எழுதிக்கொள்வேன். பேட்டரி வயர், காற்றுக்குழாய், வால்வின் கனெக்டர், புகைக்குழாய் கிளாம்ப், கடைசியாக நான்கு போல்ட். டிப்ளமோ படித்தபோது வந்த பழக்கம். ராயபுரம் பட்டறைக்கு வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை.

அன்று வந்த வேன், காசிமேட்டில் ஏலம் எடுக்கும் எட்டு மீன்காரப் பெண்களைக் கூடைகளோடு வியாபாரத்துக்கு ஏற்றிப்போவது. பத்து நாளாக இழுவை இல்லை. பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு திணறுகிறதாம். டிரைவர் அண்ணனோடு அந்த எட்டுப் பேரில் ஒரு அக்காவும் இறங்கினார். கனத்த உடம்பு, முட்டி வலி.

"ஓவர் லோடு பாப்பா. ஒரு ஆளைக் கொறைச்சா ஏறிடும்" என்றார் அண்ணன்.

"அந்த ஒரு ஆளு நாந்தான். நாளைலேர்ந்து வரவாணாம்னு மத்தவங்க சொல்லிக்கினு கீறாங்க. பஸ்ல கூடைய ஏத்தவுடுவானா, நீயே சொல்லு" என்றார் அக்கா.

கோளாறு எங்கே என்று பார்க்க வண்டியில் கருவியை மாட்டினேன். ஸ்கேனர் ஈஜிஆர் வால்வைத்தான் காட்டியது.

மூன்று போல்ட்டுகள் வந்துவிட்டன. நான்காவது உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. முரட்டுத்தனமாகத் திருகினால் ஒடிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, அட்டையில் 'அரை மணி நேரம் தொடாதே' என்று எனக்கே எழுதிவைத்தேன். டீ வந்தது.

"ஏலம் முடியறவரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணிடுவீங்களாண்ணா?"

"எங்க? பேட்டரி வீக்கு. மூணு மணி நேரமும் ஓடிக்கினுதான் இருக்கும். ஆஃப் பண்ணா எவன் தள்றது?"

"எவன் இல்ல நைனா, எவ. போன மாசம் தள்ளித்தான் என் முட்டியே பூட்ச்சி" என்றார் அக்கா. அண்ணன் டீயைப் பார்த்துக் குடித்தார்.

போல்ட் இளகியது. வால்வை வெளியே எடுத்தேன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் வழி அது. வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடி ஓடிக் கரி படிந்து, மூட வேண்டிய வால்வு திறந்தபடியே ஒட்டிப்போயிருந்தது. பாலம் ஏறும்போது காற்றோடு புகையும் உள்ளே போயிருக்கிறது.

"அப்ப வெயிட்டு இல்லியா?"

"இல்லண்ணா. பேட்டரியை மாத்திட்டு, நிக்கறப்ப இன்ஜினை ஆஃப் பண்ணுங்க."

கரியைச் சுரண்டிக் கழுவி, புது கேஸ்கெட் வைத்து, அட்டையைக் கீழிருந்து மேலாகப் படித்து மாட்டினேன். வெறும் வண்டி ஏறினால் அது சோதனை ஆகாது. பட்டறையிலிருந்த பழைய கியர்பாக்ஸ்களை ஏழு பேர் எடைக்கு ஏற்றினோம். எட்டாவதாக அக்கா, கம்பியைப் பிடித்து, ஒரு காலை மெதுவாக வைத்து, ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்து புகையைக் கவனித்தேன்.

மேம்பாலம் ஏறத் தொடங்கியதும் அண்ணன் கியரைக் குறைத்தார். வேன் திணறாமல் உச்சியைத் தாண்டி இறங்கியது. புகை இல்லை.

"விடிகாலைல மூணு மணிக்கு என் வூட்டாண்ட வந்து ஆரன் அடி" என்றார் அக்கா.

"அந்நேரத்துல அடிச்சா தெருவே திட்டும்க்கா" என்றார் அண்ணன்.

"திட்டட்டும். நான் வியாபாரத்துக்குப் போறேன்னு தெரியட்டும்."