பெர்திஸ் ஓடையைக் காட்டிக்கொடுத்தவன்

அர்செசியோ ரியாஸ்கோஸ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கையால் தட்டை மூடிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும் என்பது மலையோர ஊரான எங்கள் கோர்டோபாவில் எல்லாருக்கும் தெரியும். பின்னறையில் முப்பது பாட்டிலில் அவன் ஈ வளர்த்தான். மசித்த வாழைப்பழமும் ஈஸ்டும் போட்டு, வாயில் துணி கட்டி, தேதி எழுதி வரிசையாக அடுக்கி வைத்திருப்பான். கடுகு அளவு ஈக்கள். பறக்கத் தெரியாத ரகம். பறக்கத்தான் தெரியாதே ஒழிய நன்றாக நடக்கும். நடந்தே வந்து தேங்காய்ச் சோற்றில் ஏறிவிடும்.

“ஊருல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் ஈய விரட்டுறாங்க. எனக்கு வாச்ச மனுஷன் ஈய வளக்குறாரு,” என்பாள் அவன் மனைவி லியோனில்தே. “அதுவும் எதுக்கு? தவளைக்கு! விஷத்தவளைன்னுதான் பேரு. விஷமாவது இருக்கா? அதுவும் கெடையாது.”

“காட்டு எறும்பத் தின்னாத்தான்டி அதுக்கு விஷம் ஏறும். நம்ம வீட்டு ஈயத் தின்னா எங்கேந்து வரும்?”

“என் சமையலத் தின்னா வரும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க. ஒரு வாய் குடுத்துப் பாருங்க.”

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். மீன்கடை ஐஸ்பெட்டிகளின் கம்ப்ரசரை ஒற்றை ஆளாகத் தூக்கி வைக்கிற கை அவனுடையது. அதே கையால், இலையில் ஒட்டியிருக்கும் தவளை முட்டையை ஈரப்பஞ்சால் ஒற்றி எடுப்பதைப் பார்த்தால் வேறு யாரோ என்று தோன்றும். சேவல் சண்டைக்கு வரமாட்டான், டொமினோ ஆட வரமாட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டு நாங்கள்தான் அலுத்துப் போனோம்.

அவனுடைய கண்ணாடிப் பெட்டிகளில் பல நிறத் தவளைகள் இருந்தன. ஆனால் உயிரை வைத்திருந்தது ஒரே பெட்டியில்தான். கறுப்பு உடம்பில் சிவப்பு வளையம் போட்ட ஒரு ஜோடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் எர்மிலா இனெஸ்த்ரோசாவின் மலைச்சரிவில் பிடித்தவை. எர்மிலாவின் மகளுக்கு ஞானஸ்நானத் தகப்பனாக நின்றவன் அர்செசியோ. அன்றிலிருந்து அவன் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவனுக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களுக்கு இல்லாத மரியாதை அந்த உறவுக்கு உண்டு. சண்டை போட்டால்கூட ‘நீங்க’ என்றுதான் போடுவார்கள். அவள் நிலத்தின் ஓரமாகப் பெர்திஸ் என்று ஒரு சின்ன ஓடை இறங்குகிறது. அந்த வளையத் தவளைகள் அந்த ஓடைக்கரையில் மட்டும்தான் இருந்தன.

காட்டிலிருந்து பிடிப்பது சட்டப்படி குற்றம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“ஒரே ஒரு ஜோடி, கொமாத்ரே. பெருக்கிக் காட்டுறேன். நாளைக்கே காட்டுல ஒண்ணுமில்லாமப் போனாலும் நம்மகிட்ட இருக்கும்ல? காப்பாத்தத்தான் கேக்குறேன்.”

“எடுத்துக்குங்க, கொம்பாத்ரே. ஓடை பேர மட்டும் வெளிய விட்டுராதீங்க. இத விக்கிறவன் காதுல விழுந்தா ஒண்ணு மிச்சம் வைக்கமாட்டான்.”

“ஞானஸ்நானத்துல உங்க பொண்ணுக்கு மெழுகுவத்தி பிடிச்ச கை இது. என் வாயிலேந்து வராது,” என்றான். வாயிலிருந்து வரவில்லை என்பது உண்மைதான்.

அந்த ஜோடி அவனை நான்கு வருஷம் பாடாய்ப் படுத்தியது. இந்த ரகத்தைப் பெருக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முட்டை பொரிந்ததும் தாய்த்தவளை தலைப்பிரட்டை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்துபோய், மரக்கிளையில் ஒட்டி வளரும் அன்னாசிச் சாதிச் செடியின் இலை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் விடும். ஒரு இடுக்குக்கு ஒரு குஞ்சுதான். பிறகு சில நாளுக்கு ஒரு தரம் திரும்பி வந்து, பொரியாத முட்டை ஒன்றை அந்தத் தண்ணீரில் இட்டு ஊட்டும். குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். அவன் கோழி முட்டை மஞ்சள்கரு கொடுத்துப் பார்த்தான், பாசி கொடுத்துப் பார்த்தான், எல்லாம் செத்தன. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தான். ஐந்தாம் வருஷம்தான் அந்தத் தாய் ஊட்டத் தொடங்கியது. போன மார்ச்சில் ஒரு காலை, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு குட்டி, இன்னும் சுருங்கி மறையாத வாலோடு தண்ணீரை விட்டு இலைமேல் ஏறி உட்கார்ந்தது. அர்செசியோ அழுதுவிட்டான்.

அந்த அழுகையோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் என்றால் நாலு பேர் பார்க்க வேண்டுமே. தவளை வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. காலி நகரத்திலிருந்தும் பொகோட்டாவிலிருந்தும் எங்கெங்கிருந்தோ நாற்பது பேர். அவர்களுக்குள் ஒரு கறாரான வழக்கம். எந்த ஓடைத் தவளை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஓடைத் தவளையை இன்னொரு ஓடைத் தவளையோடு சேர்க்கவே கூடாது. ஊர் தெரியாத தவளையை எவனும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுநாடாவில் ஓடையின் பெயரை எழுதி ஒட்டுவார்கள். அர்செசியோவும் ஒட்டியிருந்தான். அவன் குட்டியைப் படமெடுத்துக் குழுவில் போட்டான். பெட்டியின் மூலையில் அந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

கைதட்டல் மழையாகக் கொட்டியது. கால் மணி நேரம் அவன் அதில் நனைந்தான். அப்புறம் எர்மிலாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது, படத்தை அழித்தான். கால் மணி நேரத்தில் யார் பெரிதாகக் கவனித்திருக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து எர்மிலா போன் செய்தாள்.

“கொம்பாத்ரே, பத்து நாளா காலைல தவளைச் சத்தமே இல்ல. என் காதுதான் போச்சோன்னு நெனச்சேன். சேவல் கூவுறது கேக்குது, ஓடை கேக்குது. இது மட்டும் கேக்கல. ஏதாச்சும் நோயா? நீங்கதான் தவளை வைத்தியராச்சே, ஒரு எட்டு வந்து பாருங்க.”

“யாராவது வந்தாங்களா, கொமாத்ரே?”

“ரெண்டு பேரு வந்தாங்க. ஆர்க்கிட் பூவ படம் எடுக்குறவங்களாம். பெர்திஸ் ஓடை எதுன்னு பேரச் சொல்லியே கேட்டாங்க. நாலு நாளு மேல கூடாரம் போட்டிருந்தாங்க. நல்ல பசங்க. நான்தான் வெல்லத்தண்ணி போட்டுக் குடுத்தேன்.”

அன்று மத்தியானம் அவன் தட்டின் முன் சும்மா உட்கார்ந்திருந்தான். “இன்னிக்கு ஒரு ஈகூட இல்ல, அதான் எறங்கலையா?” என்றாள் லியோனில்தே. அவன் சிரிக்கவில்லை என்றதும் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். மோட்டார் சைக்கிளைப் பூட்டித் தண்டவாளத்தில் ஓட்டும் பலகை வண்டியில் அரை மணி, பிறகு ஒரு மணி நேரம் மேட்டு நடை. வழியெல்லாம் நோய் என்று சொல்லிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டு வந்தான். தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் இருக்கத்தான் செய்கிறது. அவன் சொன்னால் எர்மிலா நம்புவாள். உறவு உறவாகவே இருக்கும்.

எர்மிலா துணைக்கு வந்தாள். ஓடைக்கரையில் அந்த அன்னாசிச் சாதிச் செடிகளைக் கிளையோடு வெட்டித் தரையில் போட்டிருந்தார்கள். இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்திருந்தார்கள். ஒரு பாறை ஓரத்தில் வெட்டுப்படாமல் நின்ற செடியின் இடுக்கில் அவன் விரலை வைத்தான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குஞ்சு மேலே வந்து, அவன் விரல் நுனியில் மோதி, உடம்பை விறைத்துக்கொண்டு வாலை வெடவெடவென்று நடுக்கியது. தாய் வந்துவிட்டாள் என்று நினைத்து முட்டை கேட்கிறது. பக்கத்து இடுக்கில் ஒன்று செத்து மிதந்தது. இன்னொன்றில் இரண்டாவது குஞ்சு நடுங்கியது.

அந்த நேரத்தில் அவன் மனதில் முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இனி இந்தத் தவளை உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அவன் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

“நோய்தானே?” என்றாள் எர்மிலா.

“நோய் இல்ல, கொமாத்ரே.” அவன் விரலைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். “நான்தான்.”

படத்தைப் பற்றிச் சொன்னான். குழுவைப் பற்றிச் சொன்னான். எர்மிலா பாறையில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளே அவனுக்கு ஒரு வழியும் திறந்துவிட்டாள்.

“பேரு தெரியாம படத்துல விழுந்திருக்கும். படம் எடுக்கறப்ப பின்னால என்ன இருக்குன்னு யாரு பாக்குறா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அதோடு முடிந்திருக்கும்.

“தெரியாம இல்ல. பேரு சுவத்துப் பக்கம் இருந்துச்சு. நான்தான் பொட்டியத் திருப்பி வச்சு எடுத்தேன்.”

“எதுக்கு?”

“அவங்க நம்பணும்னு.”

“அவங்கன்னா யாரு? உங்க சொந்தமா? நாளைக்கு நீங்க செத்தா தூக்க வருவாங்களா?”

“மொகம்கூடத் தெரியாது.”

 எர்மிலா இந்தத் தரம் அவனைக் கொம்பாத்ரே என்று கூப்பிடவில்லை. “டோன் அர்செசியோ, இந்தக் குஞ்சுங்க பொழைக்குமா?” என்று, யாரோ வெளியூர்க்காரனுக்குப் போடும் மரியாதையைப் போட்டுக் கேட்டாள். அவனுக்கு அறைந்ததுபோல் இருந்தது.

“எங்கிட்ட இருக்கிற தாய் ஊட்டுனா ஒண்ணு பொழைக்கலாம். எடுத்துட்டுப் போகட்டுமா? காப்பாத்தத்தான்...”

“மொதல்லயும் காப்பாத்தத்தான் கேட்டீங்க.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எடுத்துட்டுப் போங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு.”

இரண்டையும் தண்ணீரோடு சின்ன டப்பாக்களில் எடுத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிப் போனை எடுத்தான். அதில் ஆண் தவளையின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தான். அதைப் போட்டால், ஒளிந்திருக்கும் ஆண் தவளை தன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று பதிலுக்குக் கத்தும். ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கட்டுமா என்றான். எர்மிலா பாறையை விட்டு எழுந்து நின்றாள்.

துருப்பிடித்த கீல்போல அந்தக் குரல் ஓடைமேல் கிறீச்சிட்டது. பதில் இல்லை. இரண்டாம் தரம் போட்டான். ஓடைச் சத்தம்தான் கேட்டது. மூன்றாம் தரம் போட்டபோது, எங்கோ மேட்டிலிருந்து, கோபமாக, ஒரு குரல் திருப்பிக் கத்தியது.

அவன் தலை தானாகத் திரும்பியது. எத்தனை வருஷப் பழக்கம்! விழுந்து கிடக்கும் மரத்துக்கு இடப்பக்கம், இடுப்பளவு உயரம், இருபது அடிக்குள் என்று கண் அளந்து முடித்துவிட்டது. சந்தோஷத்தோடு எர்மிலாவைப் பார்த்தான். அவள் சத்தம் வந்த திசையைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அவன் கையிலிருந்து போனை வாங்கி, சத்தத்தை அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எங்கேந்து வந்துச்சு?”

“தெரியல, கொமாத்ரே.”

“தெரியும். உங்க கண்ணு அங்க போயி நின்னுச்சு, நான் பாத்தேன்.” குரலில் கோபம்கூட இல்லை. “இறங்குங்க. நீங்க முன்னால நடங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. இனிமே இந்தப் பக்கம் வரவும் கூடாது.”

அவன் டப்பாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். தண்ணீருக்குள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பின்னால் மேட்டில் அந்தத் தவளை மறுபடி கத்தியது, சிறிது விட்டு இன்னொரு தரமும் கத்தியது. அவள் சொன்னதை அவன் மீறவில்லை, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அது எந்த மரம் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது.