ஏழாவது காரணம்

ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு விதைநெல் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். எங்கள் ஊரில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. என் கையில் ஏழு காரணங்கள் இருந்தன.

அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆறு கிடையாது. கண்மாய் உண்டு, அதில் தண்ணீர் இருப்பதும் இல்லாததும் மழையின் விருப்பம். மழை பெய்தபின் உழலாம் என்றால் எங்கள் களிமண் காலை விடாது. அதனால் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை வீசி, மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நேரத்துக்கு மழை வந்தால் பயிர். வராவிட்டால் எறும்புக்குத் தீனி. எல்லாவற்றையும்விட மோசம், ஒரு தூறலைப் போட்டு முளைக்க வைத்துவிட்டு மழை போய்விடுவது.

முந்தைய வருடம் அதுதான் நடந்தது. முளைத்ததெல்லாம் பத்து நாளில் கருகியது. அய்யா ஒரு பையில் இரண்டு லுங்கியை வைத்துக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது.

இன்னொரு முறை அவரை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. மழையை அளக்கத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றின் தலையை வெட்டி, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி, வெளியே தொட்டிமேல் வைத்தேன். தினமும் டிவியில் வானிலை கேட்டேன். ஆவணி முழுக்க ஸ்கேலில் ஒரு கோடுகூட ஏறவில்லை. நோட்டில் ‘இப்போது விதைக்கக் கூடாது’ என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினேன். பாட்டில் காலி. டிவியிலும் மழை இல்லை. ஒரு முழம் தோண்டியும் ஈரம் இல்லை. மேலவயலில் மட்டும் எறும்புப் புற்று பதினான்கு. விதைநெல் இருப்பதே மூன்று மூட்டை. ஆறாவது காரணத்தை அழுத்தி எழுதினேன்: சாமி பார்த்துக்கொள்ளும் என்று போன வருடமும் சொன்னார்கள்.

ஏழாவது, விதைப்புக்கு முதல்நாள் சாயங்காலம் கிடைத்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் திருப்பூர்ப் பை தொங்கியது. திறந்து பார்த்தேன். இரண்டு லுங்கி, ஒரு துண்டு, கம்பெனி அடையாள அட்டை. நோட்டை எடுத்தேன். ‘அய்யாவுக்கே நம்பிக்கை இல்லை. ஆதாரம்: பை.’

மறுநாள் காலையில் அய்யனாருக்குச் சூடம் காட்டிவிட்டு எல்லோரும் வயலுக்கு வந்தார்கள். வரப்பில் இறக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

“அண்ணே, வானிலை ஆபீசரு மூட்டைல ஒக்காந்துட்டாங்க. உத்தரவு வாங்கிட்டுத்தான் வெதைக்கணும் போல” என்றார் சித்தப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எறங்குடி. அய்யனாருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?”

“அவருக்குத் தெரிஞ்சா போன வருசம் ஏன் கருக விட்டாரு?”

அம்மா கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்காக.

நோட்டை விரித்துச் சத்தமாகப் படித்தேன். எறும்புப் புற்றுக்கு வந்தபோது சித்தப்பா, “பதினாலா? இந்தா இங்கன ஒன்னு விட்டுப்போச்சு” என்று காலடியைக் காட்டினார். ஏழாவதை மட்டும் படிக்காமல் அய்யாவிடமே கேட்டேன்.

“மழை வருமுன்னு நம்புனா, பைய எதுக்கு எடுத்து வச்சிருக்கீங்க?”

அம்மா திரும்பி அய்யாவைப் பார்த்தாள். பைக்குள் துணி இருப்பது அவளுக்கும் புதுச் செய்தி.

அய்யா அடிப்பார் என்று நினைத்தேன். “சரி தாயி, நீ அதுமேலயே இரு” என்று மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டு மூட்டைகளையும் பிரித்தார். ஓலைப்பெட்டியில் நெல்லை அள்ளிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். பெட்டிக்குள் போன கை உடனே வெளியே வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் முதல் பிடி புழுதியில் விழுந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூட்டையும் மேலவயலுக்குச் சரியாகப் போனது. என் மூட்டை போக வேண்டிய பள்ளவயல் வெறுமனே கிடந்தது.

இருபத்து மூன்று நாள் மழை இல்லை. தினமும் நோட்டில் பூஜ்யம் எழுதினேன். இருபத்து நான்காம் நாள் பெய்தது. ஒரு வாரத்தில் மேலவயல் பச்சை கட்டியது. பள்ளவயலைக் கடந்தவர்களெல்லாம் சித்தப்பாவிடம், “இது மட்டும் என்னப்பா தரிசா கெடக்கு?” என்று கேட்டார்கள். “அது ஆபீசரு வயலு” என்றார் அவர். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போனேன்.

ஐப்பசியில் ஒரே நாளில் பாட்டில் நிரம்பி வழிந்தது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, பள்ளத்து வயல்கள் எல்லாவற்றிலும் இடுப்பளவு தண்ணீர். அங்கே விதைத்தவர்களின் பயிர் மூழ்கி அழுகியது. எங்கள் பள்ளவயலில் அழுகுவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் அய்யா என் மூட்டையை நனைத்து முளைகட்டி, சேற்றில் விதைத்தார். அதுவும் பிழைத்தது.

“பாத்தியா, எந்த மூட்டைய நிறுத்தி வைக்கணும்னு அய்யனாருக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் அம்மா.

“நிறுத்துனது நானு!”

“ஒன்னய ஏத்தி விட்டது யாரு?”

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. திட்டு என் கணக்கில், நல்ல பெயர் சாமி கணக்கிலா? ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று உறுத்தியது. என் ஏழு காரணங்களில் எதிலும் வெள்ளம் இல்லை.

பை தை மாதம்வரை அதே ஆணியில் தொங்கியது. நெல் வீட்டுக்குள் வந்த அன்றுதான் அம்மா அதைக் கழற்றி, லுங்கிகளை உதறி, கொடியில் போட்டாள்.

இப்போது நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கிறேன். எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாமி பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் இன்றும் உடனே வாய் திறப்பேன். ஆனால் அந்தக் காலை நினைவுக்கு வரும்போதெல்லாம் பெட்டிக்குள் நின்றுபோன கையில் வந்து முட்டிக்கொள்கிறேன். புழுதியில் ஈரமில்லை என்பதை அய்யா என்னிடம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? புற்றுகளையும் அவர் எண்ணியிருப்பார். மழை வராவிட்டால் போவதற்குப் பையைக் கட்டி மாட்டிவிட்டு வந்துதான், விதைநெல்லை அள்ளிக் காய்ந்த மண்ணில் வீசினார். அந்தப் பிடி நெல்லை அவர் யார் கையில் கொடுத்தார் என்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆறு காரணங்களையும் இன்று யார் கேட்டாலும் எழுந்து நின்று படிப்பேன். ‘அய்யாவுக்கே நம்பிக்கை இல்லை’ என்ற ஏழாவதை அடித்துவிட்டேன்.